கிணற்றில் விழுந்த காளையை 7 பேர் தூக்க முடியுமா? கப்பி மீட்பின் கணக்கு என்ன?

ஜனவரி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் வாடிவாசல்கள் தயாராகிவிடும். தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வக்கோட்டை அருகே உள்ள தச்சங்குறிச்சியில்தான் தொடங்கும். அதன் பிறகு விராலிமலை உட்பட ஊர் ஊராக மே மாதம் வரை நடக்கும்.

வாடிவாசலில் இருந்து பாயும் காளை, பிடிபட்டாலும் படாவிட்டாலும் கடைசியில் வெளியே ஓடும். பல காளைகளை உரிமையாளர்கள் கயிறு போட்டுப் பிடித்துவிடுவார்கள். சில காளைகள் மிரண்டு வயல்காட்டுக்குள் இறங்கிவிடும். அங்கே கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் கதை மாறிவிடும். "கிணற்றில் விழுந்த காளை, தீயணைப்பு வீரர்கள் மீட்பு" என்ற செய்தியை இந்த மாவட்டத்தில் இருந்து நாம் அடிக்கடி பார்க்கிறோம். காளை மட்டுமல்ல, பசு, ஆடு, சில நேரம் மனிதர்களும்தான்.

அந்த வீடியோக்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கிணற்று மேட்டில் 20, 30 பேர் கயிற்றைப் பிடித்து "ஏலேலோ" போட்டு இழுப்பார்கள். இல்லையென்றால் ஒரு ஜேசிபி வந்து நிற்கும். ஆனால் உலகம் முழுக்க கயிறு மீட்புப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது வேறு: ஆள் பலத்தை நம்பாதே, கப்பியை நம்பு. அந்தக் கப்பியும் சும்மா எதையும் தருவதில்லை. அது எதைக் கொடுக்கிறது, பதிலுக்கு எதை வாங்கிக்கொள்கிறது? பார்ப்போம்.

கமலை இறைத்த கப்பி என்ன செய்தது?

கப்பி, ராட்டினம், சகடை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். வேலை ஒன்றுதான்.

பம்புசெட் வருவதற்கு முன்பு கமலை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். சில ஊர்களில் இதையே கவலை என்பார்கள். கிணற்றின் மேலே கப்பி, அதன் மீது வடம். வடத்தின் ஒரு முனையில் சால், இன்னொரு முனையில் மாடுகள். மாடுகள் கிணற்றை விட்டு விலகிச் சரிவில் இறங்க இறங்க, சால் மேலே ஏறும்.

இங்கே கப்பி எடையைக் குறைக்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 100 கிலோ சாலைத் தூக்க மாடுகள் 100 கிலோ அளவுக்கு இழுத்தே ஆக வேண்டும். கப்பி செய்தது ஒரே வேலை. திசையை மாற்றியது. செங்குத்தாகத் தூக்க வேண்டியதை, தரையில் நடந்து இழுக்கும்படி ஆக்கியது. சரிவில் இறங்கும்போது மாடுகளின் சொந்த எடையும் இழுவைக்கு உதவியது. வீட்டுக் கிணற்றில் வாளி இறைக்கும் கப்பியும் இதே ரகம்தான். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் நிலையான கப்பி.

அப்படியானால் எடையைக் குறைப்பது எது?

நகரும் கப்பி. அதாவது, கப்பியை மேலே மாட்டாமல் சுமையோடு சேர்த்து மாட்டுவது.

கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டிவிட்டு, மறுமுனையைச் சுமையில் உள்ள கப்பி வழியாகச் சுற்றி நீங்கள் மேலே பிடித்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சுமையை இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. பாதி எடையை மேலே கட்டிய முடிச்சு ஏற்கிறது. மீதிப் பாதி மட்டும்தான் உங்கள் கைக்கு. சுமையைத் தாங்கும் கயிறுகள் 3 என்றால், மூன்றில் ஒரு பங்கு. இதைத்தான் இயந்திர லாபம் என்கிறார்கள்.

லாபம் என்றால் செலவும் உண்டு. 3 மடங்கு லாபம் வேண்டுமானால், 3 மடங்கு கயிறு இழுக்க வேண்டும். 40 அடி ஆழத்தில் இருந்து ஒருவரைத் தூக்க 120 அடி கயிறு உங்கள் கை வழியாகப் போக வேண்டும். பலத்தைக் குறைத்து நேரத்தைக் கொடுக்கிறோம். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மீட்புப் படைகள் அதிகம் பயன்படுத்தும் 'இசட் ரிக்'

ஒரே கயிறு, இரண்டு கப்பி, இரண்டு சின்னக் கயிற்று வளையங்கள். இவை போதும், 3 மடங்கு லாபம் கிடைத்துவிடும். கயிறு போகும் பாதை ஆங்கில 'இசட்' எழுத்து போல இருப்பதால் இதற்கு இசட் ரிக் என்று பெயர்.

அமைப்பு இப்படித்தான். சுமையில் இருந்து மேலே வரும் கயிறு, பின்னால் உறுதியான பிடிமானத்தில் கட்டிய முதல் கப்பிக்குப் போகும். அங்கே திரும்பி, மறுபடி கிணற்றுப் பக்கம் வந்து இரண்டாவது கப்பியில் நுழையும். இந்த இரண்டாவது கப்பி எங்கேயும் நிலையாக இருக்காது. சுமைக் கயிற்றின் மீதே ஒரு சின்னக் கயிற்று வளையத்தால் கவ்விப் பிடித்திருக்கும். அங்கிருந்து கயிறு மீண்டும் திரும்பி இழுப்பவர்கள் கைக்கு வரும். இழுப்பவர்கள் கிணற்றை விட்டு விலகி நடப்பார்கள். வழுக்கினாலும் உள்ளே விழ மாட்டார்கள்.

கவ்விப் பிடிக்கும் அந்த முடிச்சுக்குப் பெயர் பிரூசிக். ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் பிரூசிக் 1931-ல் அறிமுகப்படுத்தியது. கையால் தள்ளினால் நகரும். எடை விழுந்தால் இறுக்கிக்கொள்ளும். இன்னொரு பிரூசிக்கை முதல் கப்பி அருகே பிடிமானத்தோடு கட்டி வைப்பார்கள். இழுப்பவர்கள் மூச்சு வாங்க நின்றாலும், இரண்டாவது கப்பியைக் கீழே தள்ளி மறுபடி தொடங்கினாலும், ஏறிய உயரத்தை அந்த முடிச்சு விட்டுக்கொடுக்காது. 30 பேர் கூடி இழுக்கும் வெறும் கயிற்றில் இல்லாதது இதுதான். அங்கே கை வழுக்கினால் சுமை நேராகக் கீழேதான்.

சரி, 7 பேர் எங்கிருந்து வந்தார்கள்?

ஒரு காளையின் எடை 400 கிலோ என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கையுறை போட்ட ஒருவர், மீட்புக் கயிற்றைப் பிடித்துத் தொடர்ந்து இழுக்கக்கூடியது தோராயமாக 20 முதல் 25 கிலோ விசைதான். ஒரு வேகத்தில் அதிகம் இழுத்துவிடலாம். பத்து நிமிடம் அப்படியே இழுக்க முடியாது.

வெறும் நிலையான கப்பி என்றால் 400 கிலோவும் கைக்கே வரும். குறைந்தது 16 பேர். உராய்வையும் சேர்த்தால் இன்னும் அதிகம்.

இசட் ரிக்கில் கணக்குப்படி 133 கிலோ போதும். ஆனால் எந்தக் கப்பியும் 100 சதவீதம் வேலை செய்யாது. நல்ல பால்பேரிங் கப்பி ஒவ்வொரு திருப்பத்திலும் 10 சதவீதம் விழுங்குகிறது என்று கொண்டால், 3 மடங்கு லாபம் 2.7 ஆகக் குறையும். அப்போது சுமார் 148 கிலோ விசை தேவை. கிணற்று விளிம்பில் கயிறு திரும்பும் இடமும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆக, 7 பேர்.

அதே அமைப்பில் கப்பிக்குப் பதில் வெறும் இரும்புக் கொக்கி வளையங்களை மாட்டினால்? ஒவ்வொரு திருப்பத்திலும் 40 சதவீதம் வரை உராய்வில் போகலாம். அப்போது 3 என்பது 2-க்கும் கீழே இறங்கிவிடும். கயிறு மட்டும் 3 மடங்கு இழுத்தே தீர வேண்டும். கப்பி சுழல்கிறதா, துருப்பிடித்து நிற்கிறதா என்பது சின்ன விஷயம் இல்லை என்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. காளை தண்ணீரில் மிதக்கும் வரை கயிற்றில் எடையே தெரியாது. உடம்பு தண்ணீரை விட்டு வெளியே வரும் அந்தச் சில நொடிகளில் முழு எடையும் கயிற்றில் ஏறும். "லேசாத்தான் இருக்கு" என்று நினைத்து இழுப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

முக்கியமான எச்சரிக்கை: மனிதர்களை மீட்கும் கப்பிகளும் கயிறுகளும் ஒருவர் அல்லது இருவர் எடைக்கு வடிவமைக்கப்பட்டவை. காளைக்கு அதைவிடக் கனமான கருவிகள் தேவை. பட்டறைகளில் இன்ஜின் தூக்கப் பயன்படும் செயின் பிளாக்கும் கப்பிக் குடும்பம்தான். மெதுவாக ஏறும். ஆனால் கையை எடுத்தாலும் சுமை அப்படியே நிற்கும்.

கயிறு அறுவதைவிட அதிகம் நடக்கும் ஆபத்து எது?

பிடிமானம் பெயர்வது. கப்பியைப் பற்றிப் பேசும்போது பலர் மறப்பது இதைத்தான்.

தலைக்கு மேலே ஒரு கப்பி. ஒரு பக்கம் 400 கிலோ தொங்குகிறது. மறுபக்கம் அதே அளவு விசையோடு ஆட்கள் கீழ்நோக்கி இழுக்கிறார்கள். இப்போது கப்பி தொங்கும் மரக்கிளைக்கு எவ்வளவு பாரம்? 400 இல்லை, 800 கிலோ. சுமை உயர்ந்தால் போதும் என்று பார்ப்பவர்களுக்கு இந்த இரட்டிப்பு கண்ணுக்குத் தெரியாது.

இசட் ரிக் இங்கேயும் நல்லது செய்கிறது. அதில் பின்னால் உள்ள பிடிமானம் ஏற்பது சுமையில் மூன்றில் இரண்டு பங்குதான். மீதியை இழுப்பவர்கள் ஏற்கிறார்கள்.

ஆனால் கிணற்று வாயில் நிறுத்தும் முக்காலிக்கு வேறு கணக்கு. கயிறு செங்குத்தாக மேலே வந்து கிடைமட்டமாகத் திரும்பினால், உச்சியில் உள்ள கப்பியின் மீது 400 கிலோவுக்குச் சுமார் 565 கிலோ விசை விழும். அதுவும் நேர் கீழே அல்ல, இழுப்பவர்கள் பக்கம் சாய்ந்து. முக்காலியின் கால்களைக் கட்டாமல் விட்டால், சுமை ஏறும் முன் முக்காலியே சாய்ந்துவிடும். அதனால்தான் கயிறு திரும்பும் கப்பியை முக்காலியின் கால் அடியில் இன்னொன்றாக வைத்து, உச்சியில் விசை முடிந்தவரை கீழ்நோக்கியே விழும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

புதுக்கோட்டையில் கல்பாறைப் பகுதிகளும் உண்டு, செம்மண் பகுதிகளும் உண்டு. பாறையில் கிடைக்கும் பிடிமானம் மழையில் ஊறிய செம்மண்ணில் கிடைக்காது. ஒற்றைக் கடப்பாறையை அடித்துக் கயிற்றைக் கட்டுவது மண்ணில் சூதாட்டம். குறைந்தது இரண்டு மூன்று பிடிமானங்களில் பாரத்தைப் பிரிக்க வேண்டும் என்பது மீட்புப் பயிற்சியின் அடிப்படைப் பாடம்.

ஜேசிபி வந்தால் வேலை சுலபம்தானே?

பலம் இருக்கிறது. உணர்ச்சி இல்லை. அதுதான் பிரச்சினை.

கையால் இழுக்கும்போது காளையின் கால் கிணற்றுப் படிக்கல்லில் சிக்கினால், கயிறு திடீரென கனக்கும். இழுப்பவர்களுக்கு உடனே தெரியும், நிறுத்துவார்கள். எடை திடீரென ஏறினால் நிறுத்து, காரணம் தெரியும் வரை இழுக்காதே என்பதே விதி. இயந்திரத்துக்கு அந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை. கால் முறியும். கயிறு அறுக்கும். அல்லது தோள்பட்டை விலகும். அது போக, பல டன் எடையுள்ள வண்டியின் அதிர்வில் கிணற்று விளிம்பே உள்ளே சரியலாம். உள்ளே ஒரு வீரர் இறங்கியிருந்தால்?

எனவே கிரேன் கூடாது என்பதல்ல. பெரிய மாடு என்றால் பல இடங்களில் கிரேன்தான் கைகொடுக்கிறது. விளிம்பை விட்டுத் தள்ளி நிற்பது, மெதுவாக ஏற்றுவது, கிணற்றுக்குள் பார்க்கும் ஒரே ஆளின் சைகைக்கு மட்டும் கட்டுப்படுவது. இந்த மூன்றும் இருந்தால் கிரேன் நண்பன்.

கட்டும் முறையும் முக்கியம். கழுத்திலோ கொம்பிலோ கயிறு போட்டுத் தூக்கினால் மூச்சு நின்றுவிடும். தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் பீய்ச்சும் அகலமான ஹோஸ் துணியை முன்னங்காலுக்குப் பின்னாலும், பின்னங்காலுக்கு முன்னாலும் வயிற்றைச் சுற்றிப் போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். பாரம் அகலமாகப் பரவுவதால் தோல் அறுபடாது.

மனிதர் என்றால் என்ன மாறும்?

2022 பிப்ரவரியில் கேரளாவின் பாலக்காடு மாவட்டம் மலம்புழாவில், மலையேறச் சென்ற இளைஞர் ஒருவர் செங்குத்துப் பாறையின் இடுக்கில் சிக்கிக்கொண்டார். 40 மணி நேரத்துக்கும் மேல் உணவு, தண்ணீர் இல்லை. வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் இருந்து வந்தவர்கள் உட்பட ராணுவக் குழு, பிப்ரவரி 9-ம் தேதி அவரை மீட்டது.

எப்படி? மேலே இருந்து ஒரு வீரர் கயிற்றில் இறங்கினார். முதலில் தண்ணீர் கொடுத்தார். பாதுகாப்புப் பட்டையை மாட்டினார். பிறகு இளைஞரைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, இருவரையும் மேலே இருந்தவர்கள் இழுத்தார்கள். சிக்கியவர் தானாகவே கட்டிக்கொள்ளட்டும் என்று கயிற்றைத் தூக்கிப் போடவில்லை. பயந்து, சோர்ந்து, காயத்தோடு இருப்பவர் போடும் முடிச்சை யாரும் நம்ப முடியாது. அக்குளுக்கு அடியில் வெறும் கயிறு போட்டுத் தூக்கினால் நெஞ்சு நெரிந்து மூச்சும் திணறும்.

இருவர் எடையும் கருவிகளும் சேர்ந்தால் சுமார் 200 கிலோ. கயிறு மீட்புத் திட்டங்கள் பொதுவாக இந்த எடையை மனதில் வைத்துத்தான் போடப்படுகின்றன. மனிதர் தொங்கும்போது இரண்டு கயிறுகள்: ஒன்று இழுக்க, இன்னொன்று முதலாவது போனால் தாங்க. இரண்டுக்கும் தனித்தனி பிடிமானம்.

2018 ஜூலையில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் இருந்து 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் மீட்கப்பட்டபோது, உலகம் பேசியது முக்குளிப்பவர்களைப் பற்றி. ஆனால் தண்ணீரைத் தாண்டிய பிறகு, பாறைகள் நிறைந்த பகுதிகளில் ஸ்ட்ரெச்சரைக் கடத்தியது கயிறும் கப்பியும்தான்.

கப்பியால் முடியாத இடம்

2019 அக்டோபர் 25. புதுக்கோட்டையை ஒட்டிய திருச்சி மாவட்டம், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டி. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் 2 வயது சிறுவன் விழுந்தான். முதலில் சுமார் 26 அடி ஆழத்தில் சிக்கியிருந்தான். சிறுவனின் கையில் கயிற்றுச் சுருக்கை மாட்டி மேலே எடுக்க முயன்றார்கள். பிடி கிடைக்கவில்லை. அவன் இன்னும் கீழே, 80 அடிக்கும் அப்பால் சரிந்தான். பக்கத்தில் குழி தோண்டும் முயற்சியைக் கடும் பாறை தடுத்தது. 29-ம் தேதி அதிகாலை உடல்தான் மேலே வந்தது.

இழுக்க ஆள் பலம் அங்கே குறைவாக இல்லை. இழுப்பதற்குச் சுமையோடு ஓர் இணைப்பு கிடைக்கவில்லை. எந்தக் கப்பியும், எந்தக் கிரேனும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. மீட்பவர் உள்ளே இறங்கி உடலைத் தொட முடிகிற கிணற்றில்தான் கயிறு வேலை செய்யும். ஆழ்துளைக் கிணற்றுக்கு மீட்பு என்றால் மூடிதான்.

கயிறு கட்டாமல் இறங்கினால்?

2024 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் அகமதுநகர் மாவட்டத்தில், சாணக் கழிவு நிரப்பப்பட்டிருந்த பழைய கிணற்றில் ஒரு பூனை விழுந்தது. காப்பாற்ற ஒருவர் இறங்கினார். அவரைக் காப்பாற்ற இன்னொருவர். இப்படியே 5 பேர் இறந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கிய ஒருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார்.

2025 ஏப்ரல் 3-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா மாவட்டத்தில், திருவிழாவுக்காகக் கிணற்றைத் தூர்வார இறங்கியபோது 8 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஒருவரைத் தொடர்ந்து ஒருவர்.

சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று கருவி அலறும். பயன்படாத கிணற்றில் கார்பன் டை ஆக்சைடு அடியில் தேங்கும். அழுகிய கழிவு இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நிரம்பும். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது, சரி. ஆனால் அணையவில்லை என்பதற்காக இறங்கலாம் என்று அர்த்தமில்லை. விஷவாயு இருப்பதை விளக்கு காட்டாது. மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கவும் செய்யும்.

இடுப்புக் கயிறும் மேலே தயாராக மாட்டிய கப்பியும் இருந்தால், மயங்கியவரை எடுக்க இன்னொருவர் இறங்கத் தேவையில்லை. மேலே இருந்தே இழுத்துவிடலாம். கப்பியின் மிகப் பெரிய லாபம் 3 மடங்கோ 5 மடங்கோ இல்லை, இதுதான்.

உங்கள் ஊரில் நடந்தால் என்ன செய்வது?

• முதல் வேலை 101 அல்லது 112-க்கு போன். கிணற்றின் ஆழம், தண்ணீர் இருக்கிறதா, விழுந்தது ஆளா மாடா, வண்டி கிணறு வரை வருமா என்பதைச் சொல்லுங்கள். எந்தக் கருவியை எடுத்துவர வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

• கூட்டத்தை விளிம்பில் இருந்து விலக்குங்கள். வேடிக்கை பார்ப்பவர்களின் எடையில் மண் சரியும், கல் விழும்.

• விழுந்தவர் சுயநினைவோடு இருந்தால், கயிற்றில் கட்டிய காற்றடைத்த டியூபையோ காலி பிளாஸ்டிக் கேனையோ இறக்குங்கள். மிதந்தாலே பாதி மீட்பு.

• மாடு என்றால் தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கயிற்றால் தாங்கலாம். கழுத்தைச் சுருக்கித் தூக்க முயல வேண்டாம்.

• மோட்டார் ஒயர் கிணற்றுக்குள் போகிறதா? மின்சாரத்தை நிறுத்துங்கள்.

• நீச்சல் தெரியும் என்பதற்காக இறங்காதீர்கள். நீச்சல் தண்ணீருக்கு உதவும், விஷக்காற்றுக்கு உதவாது.

• இழுக்கும்போது கட்டளை ஒருவர் வாயில் இருந்து மட்டும் வரட்டும். "நிறுத்து" என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

அப்படியானால் எது குறைகிறது?

இரண்டு கப்பி, ஒரு நல்ல கயிறு, சில வளையங்கள். கிரேனோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை ஒன்றுமே இல்லை. விலை அதிகம் பயிற்சிக்குத்தான். இசட் ரிக்கைப் படம் பார்த்துப் புரிந்துகொள்ள பத்து நிமிடம் போதும். இரவில், மழையில், சுற்றிலும் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது தப்பில்லாமல் மாட்ட, கை அதற்குப் பழகியிருக்க வேண்டும். பயிற்சியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்கிறார்கள் என்பதே ஒரு மீட்புக் குழுவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி ஊருக்கு. ஜல்லிக்கட்டு என்றால் தடுப்புக் கட்டை, மருத்துவக் குழு, கால்நடை மருத்துவர், ஆம்புலன்ஸ் எல்லாம் பட்டியலில் வருகின்றன. காளைகள் ஓடும் திசையில் எத்தனை திறந்த கிணறுகள் இருக்கின்றன என்பதையும் அதே பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்தால் என்ன? போட்டி நடக்கும் நாளில் மட்டுமாவது அவற்றைச் சுற்றி வேலி போடலாம். கமலை நின்றுபோன கிணறுகளுக்கு நிரந்தரமாகக் கைப்பிடிச் சுவர் எழுப்பலாம். 7 பேர் கயிறு பிடிக்கும் நிலையே வராது.